வைக்கிற சுற்று

“நீங்க வாங்க வந்தீங்களா, அடுக்க வந்தீங்களா?”

பெரிய கடையில் பில் போடுகிற அக்கா ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பின் தெரியாதவர்கள் ஏதாவது கேட்டால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். ஆனால் பதில் மனதுக்குள் இருந்தது. இரண்டுக்கும்தான் வந்தோம். எங்கள் வீட்டில் வாங்குவது என்றாலே அதில் பாதி அடுக்குவதுதான்.

ஆண்டு முடிவில் ஊரே விடுமுறை விடும். பள்ளிக்கூடம், அலுவலகம், அப்பா வேலை செய்கிற, பஸ் பழுதுபார்க்கும் பணிமனை எல்லாம் பூட்டிக்கொள்ளும். கடைகள் மட்டும் கூடுதல் நேரம் திறந்திருக்கும். கண்ணாடிக் கதவுகளில் ‘தள்ளுபடி’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டுவார்கள். அந்தத் தாள் ஒட்டிய பிறகு வரும் முதல் சனிக்கிழமை அம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பெரிய கடைக்குப் போவாள். அப்பா, அக்கா, நான், கடைசித் தங்கை குண்டூசி. ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் குத்துவாள், அதனால் அந்தப் பெயர்.

தள்ளுவண்டி ஒன்றுதான். அதை அம்மாதான் தள்ளுவாள். முதலில் போடுகிற சுற்று. யாருக்கு என்ன ஆசையோ அதை எடுத்து வண்டியில் போடலாம். ஏன், எதற்கு, என்ன விலை என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. வீட்டுக்கு வேண்டிய மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு எல்லாவற்றையும் அம்மா போடுவாள். வண்டி குவிந்ததும் வைக்கிற சுற்று. அவரவர் போட்டதை அவரவரே எடுத்துக்கொண்டு போய், எடுத்த அலமாரித் தட்டிலேயே, பெயர் முன்பக்கம் தெரிய வைத்துவிட்டு வரவேண்டும். அடுத்தவர் போட்ட பொருளைத் தொடக்கூடாது. ‘அது எதுக்கு உனக்கு’ என்று கண்ணால்கூடக் கேட்கக்கூடாது.

தாறுமாறாக வைத்தால் அம்மா திருப்பி அனுப்புவாள். “யாரோ ஒரு பிள்ளை வந்து திரும்ப அடுக்கணும். அதுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும்ல?”

கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அம்மா சொல்லவே மாட்டாள். கைப்பிடியைப் பிடித்து வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பாள். “இன்னும் கனமா இருக்கு” என்பாள். நாங்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு தட்டுகளுக்கு ஓடுவோம். மறுபடி தள்ளிப் பார்ப்பாள். “இப்ப ஓடுது” என்று எப்போது சொல்கிறாளோ, அப்போது பில் போடப் போவோம். பில்லுக்குச் சரியாகக் கைப்பையில் பணம் இருக்கும். ஒரு வருஷம்கூட இடித்ததில்லை.

கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு இது புரியவில்லையாம். ‘கனமா இருக்கு’ என்று அம்மா சொன்னதும் மாவு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு, தான் ஆசையாகப் போட்ட மின்சாரச் சவரக்கருவியை வண்டியிலேயே விட்டுவிட்டாராம். “கனத்தைக் குறைச்ச மகராசன்” என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அப்பா சிரித்துக்கொண்டே மீசையைத் தடவுவார்.

எனக்கோ, அம்மாவின் மணிக்கட்டுக்குள் ஏதோ தராசு இருக்கிறது என்று வெகுநாள் நம்பிக்கை. ஒரு வருஷம் அவள் வேறு பக்கம் பார்த்தபோது விரல் நீளத்துக்கு ஒரு வாசனைத் தைலக் குப்பியை எடுத்து மாவுப் பைக்குப் பின்னால் செருகினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தட்டுக்கு வண்டியைத் தள்ளியவள், “என்னடி இது, திடீர்னு கனத்துப்போச்சு” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது மனக்கணக்குதான், விலையெல்லாம் அவளுக்கு மனப்பாடம் என்று அக்கா எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்தச் சிலிர்ப்பு எனக்குப் போகவே இல்லை.

நான் சொல்ல வந்தது மாமா வந்த வருஷத்தைப் பற்றி.

அந்த வருஷம் பணிமனையில் விடுமுறைக்குக் கூடுதலாகத் தருகிற படிப் பணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அம்மா ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். அங்கே படி என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்த வருஷம்தான் அக்காவுக்குப் பல் செய்கிற படிப்பில் இடம் கிடைத்தது. பொய்ப்பல், பல்லுக்கு மூடி, இதையெல்லாம் மெழுகில் வார்த்துச் செய்கிற வேலை. விடுமுறை முடிந்து கல்லூரி அலுவலகம் திறக்கிற அன்றே கட்டணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பணத்தை அம்மாவும் அப்பாவும் போன விடுமுறையிலிருந்தே சேர்த்து ஒரு பழுப்பு உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார்கள். வீட்டில் அதற்குப் ‘பல் பணம்’ என்று பெயர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. வாடகை வேன் ஓட்டுகிறவர். அவர் வந்தால் வீட்டுக்கு நாலு ஜன்னல் கூடுதலாகத் திறந்த மாதிரி இருக்கும். என்னைச் சிரிக்க வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“என்ன கோட்டான், இந்த வருஷமாவது பேச ஆரம்பிச்சியா?” என்று என் தலையில் தட்டினார். அக்காவைப் பார்த்து வாயை அகலத் திறந்து காட்டினார். “டாக்டரம்மா, இந்தக் கடவாய்ப் பல்லு ஆடுது. இப்பவே ஒண்ணு எழுதி வெச்சுக்க. தங்கத்துல வேணாம், மாமாவுக்குச் சிம்பிளா வெள்ளியே போதும்.”

“டாக்டர் இல்ல மாமா. டெக்னீஷியன்” என்றாள் அக்கா.

“பல்லு ஒண்ணுதானே?”

“அத்தையும் பிள்ளைங்களும் வரலியா?” என்று குண்டூசி குத்தினாள்.

“அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்றார் மாமா. சொல்லும்போது சிரித்தார். அம்மா அவரையே ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

சாப்பாடு முடிந்து அப்பாவும் மாமாவும் பின்கட்டில் நின்றார்கள். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பேசாத பெண் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

“வேன் போன மாசத்துலேர்ந்து ஒர்க் ஷாப்புல கிடக்கு அத்தான்” என்றார் மாமா. குரலே வேறாக இருந்தது. “சீசன் நேரம் பாருங்க. பிள்ளைங்களுக்கு அதைத் தரேன் இதைத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வெறுங்கையோட அவ வீட்டு வாசல்ல போய் நிக்க முடியாது. அந்தப் பல் பணம் சும்மாதானே கிடக்கு. நாளைக்குச் சாயங்காலம் குடுங்க, லீவு முடியறதுக்குள்ள திருப்பித் தந்துடறேன்.”

அப்பா மீசையைத் தடவினார். பிறகு, “பாக்கலாம் மாப்ளே” என்றார்.

அப்பாவின் அகராதியில் இல்லை என்ற சொல் கிடையாது. பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். மாமாவுக்கும் அது தெரியும். அவர் இதற்கு முன் வாங்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். திருப்பித் தருவதாகச் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவர் அதை முழுக்க நம்புவார். பிறகு வேன் மறுபடி நின்றுவிடும்.

சமையலறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் சட்டென்று நின்றது. அம்மா பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பது கம்பி வழியாகத் தெரிந்தது. பிறகு குழாய் மறுபடி திறந்தது.

துணிகளோடு உள்ளே போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

“நாளைக்குக் கடைக்கு மாமாவையும் கூட்டிட்டுப் போவோம்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

மறுநாள் கடைக்குள் நுழையும்போதே மாமா பழைய மாமாவாகிவிட்டார். கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டிக் குண்டூசியிடம், “தள்ளுபடின்னா என்ன தெரியுமா? தள்ளிக்கிட்டே படி. வண்டியை அம்மா தள்ளணும், அக்கா படிக்கணும்” என்றார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குண்டூசி அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தாள். “போடற சுத்துல எது வேணும்னாலும் போடலாம் மாமா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வைக்கிற சுத்துல நீங்க போட்டதை நீங்கதான் திரும்ப வைக்கணும். மத்தவங்க தொடமாட்டாங்க.”

“எங்க வைக்கணும்?”

“எடுத்த எடத்துல.”

“அதுக்கு எடுக்காமலே வரலாமே. கடைக்காரனுக்கு ஓசில வேலை பாக்குற குடும்பத்தை இப்பத்தான் பாக்குறேன்.”

“எடுத்துப் பாக்காம, வேணுமா வேணாமான்னு எப்படிடா தெரியும்?” என்றாள் அம்மா, வண்டியைத் தள்ளிக்கொண்டே.

போடுகிற சுற்றில் எங்களுக்கு எப்போதும் ஒரு கர்வம் வரும். அந்தக் கடையில் யார் எது எடுத்தாலும் விலையைப் புரட்டிப் பார்ப்பார்கள்; நாங்கள் பார்ப்பதில்லை. குண்டூசி தொட்டால் விளக்கு எரிகிற கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துப் போட்டாள். அப்பா வேலைக்குப் போட்டுக்கொள்ள கனமான அடி வைத்த காலணி. அக்கா சக்கரம் வைத்த ஒரு பெட்டி, விடுதிக்குக் கொண்டுபோக. நான் நீல நிறப் பேனாக்கள் ஒரு கட்டு. அம்மா மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, விளக்குமாறு.

மாமா கொஞ்சம் தயங்கினார். சட்டம் உண்மைதானா என்று சோதிப்பதுபோல ஒரு பொம்மைக் காரைப் போட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவர் நடையே மாறிவிட்டது. மகளுக்கு ஒரு சமையல் விளையாட்டுப் பெட்டி, அத்தைக்கு ஒரு சால்வை. கடைசியாக, வண்ண விளக்குகள் சுழல்கிற ஒரு பெரிய பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். மகன் அதைத்தான் கேட்டானாம். அவர் முகம் அப்படியொரு வெளிச்சமாக இருந்தது. எனக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

வைக்கிற சுற்று தொடங்கியது. அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள்.

“கனமா இருக்கு.”

முதலில் எப்போதும் குண்டூசிதான். கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். “கையளவுதானேம்மா இருக்கு” என்றாள்.

“அதான் ரொம்பக் கனம்.”

கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நான் பேனாக்களை வைத்துவிட்டு வந்தேன். அம்மா மறுபடி தள்ளினாள்.

“இன்னும் கனமாத்தான் இருக்கு.”

அப்பா காலணியை எடுத்துக்கொண்டு போனார். மற்ற வருஷங்களில் இந்த நேரத்தில் வண்டி ஓட ஆரம்பித்துவிடும். அம்மா தள்ளிப் பார்த்துத் தலையசைத்தாள். “கனமா இருக்கு.”

அக்கா பெட்டியை எடுத்தாள். சக்கரங்களைத் தரையில் வைத்து உருட்டிக்கொண்டே போனாள், அந்தத் தூரம்வரைக்கும் அது அவளுடையதாக இருக்கட்டும் என்பதுபோல. வரும்போது கையை வீசிக்கொண்டு வந்தாள்.

“ஏய், அது தேவைப்படும்ல?” என்றார் மாமா.

“அடுத்தவங்களைக் கேக்கக்கூடாது மாமா” என்றாள் குண்டூசி.

அம்மா தள்ளினாள். “இன்னும் கனம்.”

இப்போது வண்டியில் இருந்தது மாமா போட்டதும் அம்மா போட்டதும்தான். மாமா வேடிக்கையாக, “உன் கை வலிக்குதுன்னு நெனைக்கிறேன் அக்கா, நான் தள்ளட்டா?” என்றார். அம்மா கைப்பிடியை விட்டாள். கோபமாக இல்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். வைத்துவிட்டு வந்து தள்ளினாள். சோப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் யாரும் இதைப் பார்த்ததே இல்லை. அம்மா போட்டது திரும்பத் தட்டுக்குப் போகும் என்று எங்களுக்குத் தோன்றியதே கிடையாது. அது எங்கள் ஆசையில் சேர்ந்ததில்லை. அது வீடு. சர்க்கரையைக் கொண்டுபோய் மற்ற சர்க்கரைப் பொட்டலங்களோடு சேர்த்துப் பெயர் முன்பக்கம் தெரிய வைத்தாள். எண்ணெய்ப் புட்டியின் கழுத்தைத் துடைத்து வைத்தாள். அவசரமே இல்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். விரிப்புகளின் மேல் இஸ்திரிப்பெட்டியை நகர்த்துகிற அதே நிதானம். மலையைப் பார்க்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தது எனக்கு.

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. “அக்கா, மாவை எதுக்கு எடுக்கறே? அக்கா. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?”

அம்மா மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தார். பிறகு சட்டம் நினைவுக்கு வந்து நின்றுவிட்டார். அவர் கைகள் வெறுமனே முன்னால் நீண்டபடி இருந்தன.

அம்மா திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்தாள். வண்டியில் பொம்மைக் கார், விளையாட்டுப் பெட்டி, சால்வை, நடுவில் அந்தப் பாட்டுப் பெட்டி. எங்களுடையது ஒன்றுமில்லை. தள்ளினாள். சக்கரம் சுலபமாகத்தான் உருண்டது, எல்லோரும் பார்த்தோம்.

“இன்னும் கனமாத்தான் இருக்குடா” என்றாள்.

மாமாவைத்தான் பார்த்துச் சொன்னாள். ஆனால் குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எடுத்து வை என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். வேண்டுமென்றால் கடை மூடும்வரை அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எங்களைச் சுற்றி மற்றவர்களின் வண்டிகள் முட்டிக்கொண்டு போயின. ஒலிபெருக்கியில் யாரோ தள்ளுபடி நேரத்தை அறிவித்தார்கள்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. பாட்டுப் பெட்டியை அணைத்துத் தூக்கினார். எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு வரிசை தாண்டிப் போய், திரும்பி, தவறான பக்கம் நின்றார். நான் அவருக்கு முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். வைத்தார். விளக்குகள் இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அவரே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதைத் திருப்பி வைத்தார். பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக. சால்வையை மடிக்கத் தெரியாமல் தடுமாறினார்.

கடைசியில் காலி வண்டி. அம்மா அதைத் தள்ளி, “ஓடுது” என்றாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மாவு இருந்த பக்கம் திரும்பினாள். மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, விளக்குமாறு எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் போட்டோம். குண்டூசி பின்னால் நின்று, “இன்னும் ஓடுதா, இன்னும் ஓடுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பில் போடுகிற அக்கா அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தன் பையை எடுத்துக் கட்டிலில் வைத்துச் சட்டைகளை அடைத்தார். சாயங்காலப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாப்பாட்டு மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

அப்பா பீரோ முன்னால் நின்றார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்; சொன்னதிலிருந்து இறங்க அவரால் முடியாது. கதவைத் திறந்து பழுப்பு உறையை எடுத்தார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜையில், அவர் பக்கமாக வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். ஒரு வருஷ விரிப்புகள் அந்த உறைக்குள் இருந்தன. அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த துணிப்பையை உதறி, மூலை மூலையாகச் சேர்த்து மடித்தாள். உறையைப் பார்த்தாள். அப்பா எடுத்து வைத்ததை அவள் தொடவில்லை. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், பல் பணத்தைக் காப்பாற்றிவிடலாம். அந்த ஒரு சொல்லையும் சொல்லாமல் ஒரு மனுஷியால் நிற்க முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். மாமாவின் முன்னால், உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். “சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன் மாமா. பல்லு ஆடுதுன்னீங்களே” என்றாள்.

மாமா உட்கார்ந்து குடித்தார். பொறுமையாக, கடைசிச் சொட்டுவரை. குண்டூசி எதையோ கேட்க வாயெடுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். காலிக் குவளையை அவர் மேஜையில் வைத்தபோது விரல் உறையின் ஓரத்தில் பட்டது. பட்ட கை அப்படியே இருந்தது. அவர் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் இருந்தவை அவருடைய விரல் நகங்கள்தான். வேன் எண்ணெய் ஏறிக் கறுத்த நகங்கள்.

உறையை மேஜையிலேயே விட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். வாசலில் குனிந்து செருப்பைப் போடும்போது என் தலையில் ஒருமுறை கையை வைத்தார். தட்டவில்லை, வைத்தார். அம்மா கதவுவரை வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். எப்போதும் ஓயாத அந்த வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு படியிறங்கி, பஸ் நிற்கிற பக்கமாகத் தெருவில் நடந்து போனார்.